அத்தையின் நீச்சல் பை

"இப்போ நீங்க ரெண்டு பேரும் சேர்ந்திருக்கீங்களா, பிரிஞ்சிருக்கீங்களா?" என்று அத்தை கேட்டார்.

நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். காலரைத் திருப்பி வைத்தேன்.

"தெரியல அத்தை."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு முட்டி முடிந்து இன்னொரு முட்டிக்குப் போகாமல் என்னையே பார்த்தார்.

"பரீட்சைல கேக்கற மாதிரி கஷ்டமாவா கேட்டேன்? ஆமாவா, இல்லையா. அவ்வளவுதான்."

"உங்களுக்கு எதுக்கு இப்போ?"

"எதுக்கோ," என்றார். பக்கத்தில் இருந்த நீச்சல் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அத்தை என் மனைவியின் அம்மா. என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோது பார்த்துக்கொள்ள வந்தவர், எல்லாம் முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. நான் போகச் சொல்லவில்லை. இருங்கள் என்று சொன்னதாகவும் நினைவில்லை. ஒரு அறையில் அவர், ஒரு அறையில் நான். நடுவில் ஒரு கூடம், ஒரு சாப்பாட்டு மேசை. என்னைப் பார்த்துக்கொள்கிறார் என்று அவருடைய மகன் நினைக்கிறான். அவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று என் அலுவலகத்தில் நினைக்கிறார்கள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவர் கேட்டது விசிலைப் பற்றி. விசில் என்பது அத்தை வைத்த பெயர். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். அத்தைக்கு முட்டி தேய்ந்துவிட்டது, தண்ணீரில் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் வண்டியில் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் அவள் என்னிடம் வந்து, "சார், ஷூ போட்டுட்டு இங்க உட்காரக் கூடாது," என்றாள். கழற்றினேன். சில வாரம் கழித்து, "நீங்க எப்பவும் அந்தச் சுவரையே பார்க்கறீங்க. அதுல என்ன இருக்கு?" என்றாள்.

"நீலத்துக்குள்ள நீலம் இருக்கு. கதவு வரைக்கும் ஒரு டின். அதுக்கப்புறம் வேற டின்."

அவள் சுவர் வரைக்கும் நடந்து போனாள். ஈரக் கையால் தடவிப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"இத்தனை வருஷமா எனக்கு ஒரே சுவரா இருந்துச்சு. இனிமே அந்தக் கோடுதான் கண்ணுல படும். கெடுத்துட்டீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் பெயின்ட் கடையில் நிறம் சேர்க்கிறவன். வேதியியல் படித்தேன். வாடிக்கையாளர் ஒரு சுவர்த் துண்டையோ துணியையோ கொண்டுவருவார். அதே நிறத்தை டின்னில் கொண்டுவர வேண்டும். இயந்திரம் ஒரு அளவு சொல்லும். மீதியைக் கண்ணால்தான் சரி பண்ண வேண்டும். அட்டையில் தடவிக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். ஈரமாக இருக்கும்போது எதையும் சொல்லக் கூடாது. காய்ந்தால் வேறு நிறம்.

இதை விசிலிடமும் ஒருமுறை சொன்னேன். "அதனாலதான் நீ எதுக்குமே பதில் சொல்ல மாட்டேங்கறியா?" என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

நாங்கள் அதுவரை மூன்று முறை பிரிந்து மூன்று முறை சேர்ந்திருந்தோம். முதல் முறை அவள் பிரிந்தாள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என்ன யோசிக்கிறாய் என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். நிஜமாகவே ஒன்றும் இல்லை. எழுந்து போய்விட்டாள். அதற்கு அடுத்த வாரம் அத்தை குளத்துப் படியில் வழுக்கினார், எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம், எழுந்தபோது சேர்ந்திருந்தோம்.

இரண்டாவது முறை நான். எங்கள் சமையலறையில் அத்தை ரப்பர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, "ஃபியூஸ் போன பல்பு மாதிரி இருக்கேன்ல?" என்றார். விசில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மறுநாள், கொஞ்ச நாள் பார்க்க வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். "சிரிச்சதுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அதுதான்.

மூன்றாவது முறை யார் பிரிந்தது என்று இன்றுவரை தெரியாது. அவள்தான் என்று நானும், நான்தான் என்று அவளும் நினைத்துக்கொண்டு, மற்றவர் மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

ஒவ்வொரு முறையும் சாவி ஒன்று போய் வரும். என் வீட்டுச் சாவி. குளத்தில் அலமாரிச் சாவியைக் கையில் மாட்டிக்கொள்ள ரப்பர் பட்டை தருவார்கள், அப்படி ஒரு ஆரஞ்சுப் பட்டையில் அதை அவள் கோத்து வைத்திருந்தாள். விடிகாலையில் முதல் வகுப்புக்குப் போகும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறப்பாள். நான் எழுந்து வரும்போது சமையலறையில் டீ கொதிக்கும். குளோரின் வாசனை இருக்கும். பிரிந்தால் சாவியை அத்தையிடம் கொடுத்து அனுப்புவாள். சேர்ந்தால் நான் அத்தையிடம் கொடுத்து அனுப்புவேன். அத்தைதானே வாரம் தவறாமல் குளத்துக்குப் போகிறவர்.

"தபால் பெட்டிக்காவது வருஷத்துக்கு ஒரு தடவ பெயின்ட் அடிப்பாங்க," என்பார் அத்தை. "எனக்கு அதுகூட இல்ல."

இப்போது நான்காவது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

குளத்துக்கு எதிரில் உள்ள டீக்கடையில் அவள் சொன்னாள். "வேலை ஒண்ணு வந்திருக்கு. வேற ஊரு. பெரிய குளம், தலைமைக் கோச்."

"நல்ல வேலையா?"

"நல்ல வேலை."

"அப்ப எடுத்துக்கோ."

அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"தங்கறதுக்கு இடம் தருவாங்களா?" என்றேன். தப்பான கேள்வி என்று அவள் முகத்தில் தெரிந்தது. சரியான கேள்வி எது என்று தெரியவில்லை.

"அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்," என்றாள். டீயைக் குடிக்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு போன் இல்லை. நானும் பண்ணவில்லை. அவளுடைய வேலை, அவளுடைய முடிவு, நான் குறுக்கே விழக் கூடாது என்று நினைத்தேன். போன் இல்லை, ஆகவே பிரிந்துவிட்டோம். ஆனால் சாவி திரும்பி வரவில்லை, ஆகவே பிரியவில்லை. இரண்டையும் கூட்டினால் ஒரு விடையும் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நாளை மறுநாள்.

"கிளம்பலாமா?" என்றார் அத்தை. இரண்டு முட்டிக்கும் உறை மாட்டிவிட்டார். "சொல்லிட்டேன், நேத்தும் தாழ்ப்பாள் போட மறந்துட்டீங்க. காலைல பார்த்தா கதவு சும்மா சாத்தியிருக்கு."

"மறந்துட்டேன்."

"தினமும் மறக்கறது மறதி இல்ல மாப்பிள்ளை. அதுக்கு வேற பேரு."

என்ன பேர் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டால் வெளியே இருந்து சாவியால் திறக்க முடியாது. அது கதவைப் பற்றிய ஒரு தகவல். அதற்கு மேல் நான் யோசித்திருக்கவில்லை.

குளத்து வாசலில் அவரை இறக்கிவிட்டேன். நான் உள்ளே போகவில்லை. பிரிந்திருந்தால் போகக் கூடாது. சேர்ந்திருந்தால் போகாமல் இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் வண்டியை அணைக்காமல் நின்றேன். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். போய்விட்டேன்.

கடையில் இயந்திரத்தை ஓட்டுகிற அண்ணன் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"என்ன சார், இன்னைக்கு சேர்ந்த மூஞ்சியா, பிரிஞ்ச மூஞ்சியா?"

"ரெண்டுக்கும் எனக்கு ஒரே மூஞ்சிதாண்ணே."

"அதான் சார் அந்தப் பொண்ணுக்குக் கஷ்டம்."

அன்றைக்கு ஒருவர் கைக்குட்டையில் ஒரு சுவர்ச் சில்லை மடித்துக்கொண்டு வந்தார். வெளிர் பச்சை.

"சுவர்ல ஒரு அலமாரி இருந்துச்சு சார். எடுத்துட்டோம். அது இருந்த இடம் மட்டும் திட்டா தெரியுது. மத்த சுவர் மாதிரியே அந்த இடத்துக்கு வேணும்."

"இந்தச் சில்லு எங்க எடுத்தது?"

"அலமாரி இருந்த இடத்துல."

"அப்ப இதுதான் சார் முதல்ல அடிச்ச நிறம். வெயில் படாம இருந்ததால அப்படியே இருக்கு. மத்த சுவர்தான் மாறிப்போச்சு."

அவர் கைக்குட்டையைப் பார்த்தார். "அப்ப நான் எதை எதோட சேர்க்கறது?"

"மூலையிலேர்ந்து மூலை வரைக்கும் புதுசா அடிச்சா திட்டு தெரியாது."

"முழுச் சுவரும் வேண்டாம் சார். வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. அந்த இடத்துக்கு மட்டும்."

இப்படிக் கேட்பவர்களிடம் நான் வழக்கமாக வாதாடுவேன். அன்றைக்கு வாதாடவில்லை. மாறிப்போன சுவரிலிருந்து ஒரு சில்லு கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டு, ஒரு அட்டையில் பச்சையைத் தடவி ஜன்னலில் வைத்துவிட்டு, அதை மறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

"சார்," என்றார் அண்ணன். "காஞ்சு ரொம்ப நேரமாச்சு."

மாலையில் என் மச்சான் போன் பண்ணினான். மனைவியின் தம்பி. வேறு ஊரில் இருக்கிறான்.

"மாமா, அம்மாவை இங்க அனுப்பி வைங்க. உங்களுக்கும் சங்கடம், அவங்களுக்கும் சங்கடம்."

"என்ன சங்கடம்?"

"நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் போறப்போ அம்மா அங்க எந்த முறையில இருப்பாங்க மாமா? தப்பா எடுத்துக்காதீங்க. பண்ணிக்கங்க, எனக்குச் சந்தோஷம்தான். அக்கா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பா."

அக்கா இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"கல்யாணம்னு யாரு சொன்னா?"

"அம்மாதான்."

"எப்போ?"

"போன வாரம். முடிவாயிடுச்சு மாதிரி சொன்னாங்களே."

போனை வைத்த பிறகும் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் சேர்ந்திருக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டவர், போன வாரமே மகனிடம் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. கடையிலிருந்து வந்தபோது அத்தை முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். அடுப்பின் இன்னொரு பக்கம் டீ. நான் மேசையில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றார்.

"ஆமா."

"இன்னைக்காவது சொல்லுவீங்களா? சேர்ந்திருக்கீங்களா?"

நான் யோசித்தேன். இதுவரை யாரிடமும் கணக்கைச் சொன்னதில்லை. சொன்னேன்.

"போன் வரல அத்தை. ஆனா சாவியும் வரல. சாவி அவகிட்டயே இருக்கு. அவளுக்கு வேண்டாம்னா இத்தனை நாள்ல உங்ககிட்ட குடுத்து அனுப்பியிருப்பா. அனுப்பல. அதனால பிரியலன்னுதான் நினைக்கறேன்."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பைச் சின்னதாக்கினார். தன் அறைக்குப் போய் நீச்சல் பையை எடுத்துவந்தார். துண்டை வெளியே எடுத்தார். தொப்பி. முட்டி உறை. ஒரு சோப்புப் பெட்டி. பிறகு அடியில் கையை விட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

ரப்பர் பட்டை. சாவி. ஈரம் பட்டுப் பட்டு சாவியில் லேசாகத் துரு ஏறியிருந்தது.

"வந்துடுச்சு," என்றார்.

"எப்போ?"

"வேலையைப் பத்தி உங்ககிட்ட சொன்ன மறுநாளே."

நான் சாவியைத் தொடவில்லை.

"ஏன் குடுக்கல?"

"போன தடவ குடுத்தேன். ரெண்டே நாள்ல திருப்பிக் கொண்டு போங்கன்னு நீட்டினீங்க. அதுக்கு முந்தின தடவ நான் சாவியோட வெளில வர்றேன், நீங்க ரெண்டு பேரும் குளத்து வாசல்ல நின்னு சிரிச்சுப் பேசிட்டிருக்கீங்க. இதை யாரு கையில குடுக்கறதுன்னு நான் முழிச்சிட்டு நின்னேன். சரி, இந்தத் தடவ ஒரு முடிவுக்கு வரட்டும், அதுவரைக்கும் பையிலயே கிடக்கட்டும்னு வச்சேன். எப்படியும் நாலு நாள்ல திரும்பக் கேட்பீங்கன்னு."

"நான் எப்படிக் கேட்பேன்? வந்ததே தெரியாது."

"அது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது."

"அவ என்ன நினைச்சிருப்பா?"

"நீங்க சாவியை வாங்கி வச்சுக்கிட்டு வாயே திறக்கலன்னு. நாலைஞ்சு தடவ கேட்டுட்டா, ஒண்ணும் சொல்லலையா ஒண்ணும் சொல்லலையான்னு. இல்லன்னு சொன்னேன். நீங்கதான் ஒண்ணும் சொல்லலியே. அது பொய் இல்லல்ல?"

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் போய் அணைத்துவிட்டு வந்தார்.

"மச்சான் போன் பண்ணினான்," என்றேன். "கல்யாணம் முடிவாயிடுச்சுன்னு சொன்னீங்களாம்."

அவர் துண்டை மடிக்க ஆரம்பித்தார். ஈரத் துண்டு. மடிக்க வேண்டிய துண்டு இல்லை.

"வா வான்னு கூப்பிட்டுட்டே இருக்கான். மாப்பிள்ளை வீட்ல எதுக்கும்மா இருக்கேங்கறான். மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகுது, ஆனதும் வர்றேன்னு சொல்லி வச்சேன். அதுவரைக்கும் கூப்பிட மாட்டான்ல."

"அப்ப சாவியை வச்சது எதுக்கு? நாங்க சேரணும்னா, பிரியணும்னா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. இந்த வீட்டில் உடனே பதில் சொல்கிறவர் அவர் ஒருவர்தான்.

"முதல்ல சேரணும்னுதான் வச்சேன். சத்தியமா." துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். "அப்புறம் ஒரு நாள் ராத்திரி படுத்திருக்கும்போது தோணுச்சு. அவ இந்தச் சாவியோட உள்ள வந்துட்டா, நான் எந்தச் சாவியோட இங்க இருக்கறது? எம்பொண்ணு இருந்த வரைக்கும் நான் பொண்ணோட அம்மா. இப்பவும் ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கேன். அவ வந்தா நான் யாரு? அதுக்கப்புறம் எதுக்கு வச்சிருக்கேன்னு எனக்கே தெரியல. தினமும் எடுத்துக் குடுத்துடலாம்னு நினைப்பேன். உங்ககிட்ட கேட்பேன். நீங்க தெரியலம்பீங்க. சரி, இவருக்கே தெரியல, நாளைக்குக் குடுக்கலாம்னு விட்டுடுவேன்."

கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வருகிறதா என்று பார்த்தேன். வந்தது வேறு எதுவோ. அதற்குப் பேர் தெரியவில்லை.

"இருங்க அத்தை," என்றேன்.

"ஆங்?"

"இருங்கன்னு சொன்னேன்."

"நான் எங்க போறேன்? அடுப்புல பாதி டீ இருக்கு, வடிகட்டிட்டு வர்றேன்."

அவர் சமையலறைக்குள் போனார். நான் சொன்னது புரிந்ததா என்று தெரியவில்லை. டீ வடிகட்ட வழக்கத்தை விட அதிக நேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை கடைக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டு அத்தையுடன் குளத்துக்கு உள்ளே போனேன். வாசலிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தரை ஈரமாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். விசில் குளத்தின் விளிம்பில் நின்று, "முட்டியை மடக்காதே, சைக்கிளா ஓட்டற?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வகுப்பை நிறுத்தவில்லை. அத்தை தொப்பியை மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கி, எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் நடந்து போனார்.

பிள்ளைகளை ஓய்வுக்கு விட்டுவிட்டு அவள் வந்தாள். தோளில் துண்டு. பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

"வாங்க," என்றாள்.

'நீ'யிலிருந்து 'வாங்க' ஆகிவிட்டேன்.

"சாவி நேத்துதான் என் கைக்கு வந்துச்சு," என்றேன். சட்டைப் பையிலிருந்து எடுத்து பெஞ்சில் நடுவில் வைத்தேன்.

"நான் எப்பவோ குடுத்தேன்."

"அத்தை பையில இருந்துச்சு."

அவள் திரும்பி அத்தையைப் பார்த்தாள். குளத்தின் மறு ஓரத்தில் அத்தை எங்களுக்கு முதுகு காட்டி, பின்பக்கமாக நடக்கும் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார். அதனால் சுவரைப் பார்த்தபடியே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு?"

"அலைச்சல் மிச்சம்னு ஆரம்பிச்சிருக்காங்க. அப்புறம் அவங்களுக்கே தெரியல."

"உங்க வீட்ல யாருக்குமே எதுவுமே தெரியாதா?" என்றாள். பிறகு, "அப்ப நீ இத்தனை நாளும் என்ன நினைச்சிட்டிருந்த?"

"சாவி உன்கிட்ட இருக்குன்னு."

"நான் வரலையே."

"வருவேன்னு தாழ்ப்பாள் போடல."

அவள் துண்டின் நுனியை முறுக்கினாள். "தினமுமா?"

"ம்."

"திருடன் வந்திருந்தா?"

"அவனும் அத்தையைத் தாண்டித்தான் வரணும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையாவதா, தெரியவில்லை.

"நான் பதில் சொல்லிட்டேன்," என்றாள். "நேத்தே. வர்றேன்னு சொல்லிட்டேன்."

ஒரு பிள்ளை தண்ணீரில் குதித்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமலேயே கையை நீட்டி, "வெளில," என்றாள். பிள்ளை வெளியே வந்தது.

"எடுத்துக்கோன்னு நீதான சொன்ன."

"ஆமா."

"அதுல போயிடுன்னு ஒரு அர்த்தம் இருந்துச்சா?"

"இல்ல."

"இருந்துடுன்னு?"

நான் பார்த்தேன். உள்ளே பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாக அங்கே வெளிச்சம் சரியில்லை.

"இருந்துச்சு போல."

"போல."

"எனக்கு லேட்டாத்தான் தெரியுது. இப்பதான் தெரியுது."

"தெரிஞ்சதைச் சொல்லு. நான் சொல்லித்தர மாட்டேன்."

"போகாத," என்றேன்.

அதுவரை ஷூ கையில்தான் இருந்தது. ஷூவைக் கீழே வைத்தேன். என் மனைவியிடம் கடைசியாக அந்த வார்த்தையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அதை யாரிடமும் பயன்படுத்தவில்லை. அது வேலை செய்யாத வார்த்தை என்று நினைத்திருந்தேன். அதை விசிலிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா?" என்றாள். அத்தையை அவள் அப்படித்தான் சொல்வாள். "நான் வந்தா அவங்க போகணுமோன்னு எனக்கும் ஒரு பயம் இருந்துச்சு. உன்கிட்ட கேட்டா தெரியலம்பே."

"இருங்கன்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"நேத்து."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அடுப்புல பாதி டீ இருக்குன்னாங்க."

இந்த முறை அவளால் அடக்க முடியவில்லை. குனிந்து, துண்டில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். கூரை உயரமான இடம், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள். அத்தை நின்றுவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. காலில் ஷூ இல்லை. உட்கார்ந்திருந்தேன்.

அவள் முகத்தைத் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாள்.

"நான் போகத்தான் போறேன்," என்றாள். "சொன்ன வார்த்தையை மாத்த மாட்டேன். எனக்கு அந்த வேலை வேணும். மாசக் கடைசில கிளம்பறேன்."

"சரி."

"சரின்னா? எந்தச் சரி? டீக்கடைல சொன்ன சரியா?"

"இல்ல. போ." சாவியை அவள் பக்கமாகத் தள்ளினேன். "இதை எடுத்துட்டுப் போ."

அவள் சாவியைப் பார்த்தாள். எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். கையில் மாட்டவில்லை. கழுத்தில் விசில் தொங்கிய கயிற்றை அவிழ்த்து, பட்டையோடு அதில் கோத்தாள்.

"இதுக்கு என்ன பேரு? சேர்றதா, பிரியறதா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல," என்றாள். எழுந்து நின்று ஊதினாள். விசிலுக்கு அடியில் சாவி ஆடியது. பிள்ளைகள் வரிசையாகத் தண்ணீரில் விழுந்தார்கள்.

வண்டியில் திரும்பும்போது அத்தை கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். அவருக்கு அது பெரிய தூரம்.

"இப்போ?" என்றார்.

"சாவி அவகிட்ட."

"அப்ப சேர்ந்தாச்சு."

"மாசக் கடைசில வேற ஊருக்குப் போறா."

"அப்ப பிரிஞ்சாச்சு."

"லீவு நாள்ல வருவாளாம். சில தடவ நானும் போவேன்."

"இது என்ன கூத்து? அந்தரத்துல தொங்கற மாதிரி." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "அப்ப தாழ்ப்பாள்? அதையாவது தெளிவாச் சொல்லுங்க. இனிமே ராத்திரி நானே பார்த்துப் போட்டுக்கறேன்."

"மாசக் கடைசி வரைக்கும் போட வேண்டாம்."

"அதுக்கப்புறம்?"

சிக்னலில் நின்றோம். சிவப்பு. எதிரில் ஒரு கட்டடத்துக்குப் பாதி வரை புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஈரம் காயவில்லை.

"லீவுக்கு முந்தின நாள் மட்டும் போட வேண்டாம் அத்தை."

அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. பிறகு தலையாட்டினார்.

"சரி. அவ போயிட்டா என் முட்டியை யாரு பார்த்துப்பா?"

"புதுசா ஒருத்தர் வர்றாராம்."

"அவர் விசில் ஊதுவாரா?"

"தெரியல."

"இதையாவது கேட்டுச் சொல்லுங்க," என்றார் அத்தை. பச்சை விழுந்தது.